பிழை மாணவரிடமா, மொழியிடமா?

எக்செல் ஷீட்டில் தொடங்கிப் பள்ளி வகுப்பறைக்கு வந்து சேர்ந்த ஒரு மென்பொருள் ஆய்வாளரின் பாதை நமக்குச் சொல்வது என்ன?

2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஒரு விசித்திரமான கணக்குப் பிழையை ஒப்புக்கொண்டது. கொரோனா தொற்று உறுதியான ஏறத்தாழ 16,000 பேரின் விவரம் அன்றாடக் கணக்கில் ஏறவே இல்லை. ஆய்வகங்களிலிருந்து வந்த பட்டியல்களை உள்வாங்கப் பயன்பட்டது எக்செல்லின் பழைய கோப்பு வடிவம். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான் இடம். அது நிரம்பியதும் மிச்சமிருந்த பெயர்கள் ஓசையில்லாமல் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதமானது. செய்தி வெளியானதும் பலர் கேலி செய்தார்கள். இவ்வளவு பெரிய வேலைக்கு எக்செல்லா என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். கேலியின் இலக்கு அந்த அலுவலர்கள். தன் கொள்ளளவு முடிந்துவிட்டது என்பதை ஒரு கருவி ஏன் உரக்கச் சொல்லவில்லை என்று கேட்டவர்கள் குறைவு. பிழையைச் செய்தவர் ஷீட்டைத் திறந்தவரா, அதை வடிவமைத்தவரா?

இந்தக் கேள்வியைத் தன் ஆய்வு வாழ்க்கை முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபெலியென் ஹெர்மன்ஸ். ஐண்ட்ஹோவனில் கணினி அறிவியல் படித்தார். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2013இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு லெய்டன் பல்கலைக்கழகம். இப்போது ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரைய பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கல்விக்கான பேராசிரியர். பல்கலைக்கழக வேலையோடு ரோட்டர்டாமில் ஓர் உயர்நிலைப் பள்ளியிலும் பாடம் நடத்தியவர். நெதர்லாந்தின் தகவல் தொழில்நுட்ப ஆய்வுப் பரிசு 2021இல் அவருக்குக் கிடைத்தது. அவருடைய ஆய்வுப் பட்டியலைப் புரட்டினால் மூன்று வெவ்வேறு ஆட்கள் எழுதியதுபோல இருக்கும். முதலில் அலுவலக எக்செல் ஷீட்டுகளில் உள்ள குறைகள். அடுத்து குழந்தைகள் எழுதும் புரோகிராம்கள். கடைசியாக, படிப்படியாக வளரும் ஒரு புதிய நிரல்மொழி. துறை மாறித் துறை தாவியவர் என்றுகூட ஒருவர் சொல்லலாம்.

அப்படிச் சொல்வது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: ஒருவர் நிரல் எழுதும்போது தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தை அவருடைய மூளைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர் கையில் கொடுக்கப்பட்ட குறியீட்டின் வடிவமைப்பைப் பற்றிய சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ஒப்புக்கொண்டால், நிரலாக்கத்தைக் கற்பிப்பது மென்பொருள் பொறியியலின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் கருணைப் பணியாக இருக்க முடியாது. மனிதர்களுக்கும் நிரலுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை வேறு எந்த இடத்தையும்விடத் தெளிவாகக் காட்டும் ஆய்வுக்கூடம் முதல் வகுப்பறைதான்.

எக்செல் எழுதுபவரும் புரோகிராமர்தான்

ஹெர்மன்ஸின் முனைவர் பட்ட ஆய்வு விரிதாள்களைப் பற்றியது. மென்பொருள் பொறியியல் மாநாடுகளுக்கு அது அன்று சற்றே கூச்சம் தரும் பொருள். எக்செல் கிளார்க்குகளின் கருவி, அதில் ஆராய என்ன இருக்கிறது என்பது பொது நினைப்பு. நெதர்லாந்தின் ரொபெக்கோ என்ற முதலீட்டு நிறுவனத்தில் எக்செல்லோடு அன்றாடம் மல்லுக்கட்டும் ஊழியர்களிடம் பேசியபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. ஒரு ஷீட் சராசரியாக ஐந்தாண்டு பயன்பாட்டில் இருக்கிறது. பத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கைமாறுகிறது. முதலில் எழுதியவர் வேறு துறைக்குப் போய்விடுவார். அடுத்தவர் அந்த ஷீட்டைத் திறந்து, எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கட்டம் கட்டமாகத் துழாவுவார். பெரிய மென்பொருள் நிறுவனங்களில் பழைய நிரலைப் பராமரிப்பவர்கள் படும் அதே அவதி. அவதி ஒன்று என்றால் மருந்தும் ஒன்றாக இருக்கலாம் என்று முடிவுசெய்து, ஷீட்டுகளுக்குள் தகவல் ஓடும் வழியைப் படமாக வரைந்து காட்டும் கருவியை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள்.

அடுத்த அடி இன்னும் துணிச்சலானது. மென்பொருள்காரர்கள் ‘கோட் ஸ்மெல்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். நிரல் ஓடும், விடையும் சரியாக வரும், ஆனாலும் உள்ளே எழுதியிருக்கும் விதம் நாளைக்குச் சிக்கல் வரப்போகிறது என்று மூக்கில் உறைக்கும். மார்ட்டின் ஃபவுலரின் 1999ஆம் ஆண்டுப் புத்தகத்தால் பரவலான கருத்து இது. அதை ஹெர்மன்ஸ் அப்படியே எக்செல்லுக்குப் பொருத்தினார். ‘பிப்ரவரி’ ஷீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஃபார்முலா தன் ஷீட்டிலிருந்து ஒரு எண்ணையும் ‘ஜனவரி’ ஷீட்டிலிருந்து பத்து எண்களையும் எடுத்துக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபார்முலா இருக்க வேண்டிய இடம் ஜனவரிதான். நிரலாளர்கள் இதற்கு ‘ஃபீச்சர் என்வி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சொத்தின்மேல் கண். ஒரே கட்டத்துக்குள் அடுக்கடுக்காக ‘இஃப்’ நிபந்தனைகள், ஒரு விடைக்காகப் பத்துப் பதினைந்து கட்டங்கள் சங்கிலியாகத் தொங்குவது, ஒரே ஃபார்முலாவைக் கொஞ்சம் மாற்றிப் பல இடங்களில் ஒட்டிவைப்பது என்று எல்லாவற்றையும் 2012இல் வெளியான கட்டுரைகளில் வகைப்படுத்தி, கணினியே தேடிக் கண்டுபிடிக்க வழிசெய்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும்: எக்செல்லில் கணக்குப் போடுவதைப் புரோகிராமிங் என்று அழைத்துவிட்டால் மட்டும் அது புரோகிராமிங் ஆகிவிடுமா? இந்த மறுப்புக்கு விடை கோட்பாட்டளவிலேயே உண்டு. எந்தக் கணினியும் செய்யக்கூடிய கணக்கீட்டைச் செய்துகாட்டும் டூரிங் எந்திரத்தை வெறும் எக்செல் ஃபார்முலாக்களாலேயே கட்டிக்காட்டியவர் ஹெர்மன்ஸ். பிற்காலத்தில் மைக்ரோசாஃப்ட்டே ‘லாம்டா’ என்ற வசதியை எக்செல்லில் சேர்த்து, பயனர்கள் தாங்களே ஃபங்ஷன் எழுத வழிவிட்டது. கோட்பாட்டைவிட வலுவானது நடைமுறைச் சான்று. 2001 இறுதியில் திவாலான என்ரான் நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் விசாரணைக்குப் பிறகு பொதுவெளிக்கு வந்தன. அவற்றோடு இணைக்கப்பட்டிருந்த 15,000க்கும் மேற்பட்ட ஷீட்டுகளை ஆய்வாளர் எமர்சன் மர்ஃபி-ஹில்லுடன் சேர்ந்து ஹெர்மன்ஸ் பிரித்தெடுத்து 2015இல் ஆய்வு முடிவை வெளியிட்டார். ஃபார்முலா உள்ள ஷீட்டுகளில் 24 சதவீதத்தில் எக்செல்லே காட்டும் பிழை குறைந்தது ஒன்றாவது இருந்தது. மின்னஞ்சல்களில் பத்தில் ஒன்று விரிதாளைப் பற்றியதாகவோ விரிதாளைச் சுமந்துவந்ததாகவோ இருந்தது. கோடிக்கணக்கான டாலர் புழங்கிய நிறுவனம் தன் கணக்கை இப்படித்தான் நடத்தியது.

இப்படித் தவறுபவர்கள் கல்லாதவர்களும் இல்லை. அரசுக் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள உறவைப் பற்றிக் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பெரும் பொருளியலாளர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கணக்கில், ஃபார்முலாவின் வரம்பு ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்ததை 2013இல் ஓர் ஆய்வு மாணவர் கண்டுபிடித்தார். கிளார்க்கும் தவறுகிறார், பொருளியல் பேராசிரியரும் தவறுகிறார், ஒரே வகையில் தவறுகிறார்கள் என்றால் காரணத்தை ஆளிடம் தேடுவதில் பயனில்லை. ஃபார்முலாவை மறைத்து விடையை மட்டும் காட்டும் கருவியிடம் தேட வேண்டும். ஹெர்மன்ஸின் எக்செல் ஆய்வு விட்டுச்சென்ற பாடம் இதுதான். பின்னாளில் குழந்தைகளிடம் போனபோது அவர் இந்தப் பாடத்தைத்தான் எடுத்துச் சென்றார்.

குழந்தையின் நிரலுக்கும் தரம் உண்டு

எம்ஐடியின் ஸ்கிராட்ச் 2007இல் வந்தது. கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் செய்யும் முறை அது. எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை என்பதால் உலகம் முழுவதும் பள்ளிகள் அதை வாரி அணைத்தன. குழந்தைகள் எதையாவது செய்து மகிழட்டும், நிரலின் தரத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்பதே அப்போதைய மனநிலை. ஹெர்மன்ஸும் எஃப்திமியா ஐவலோக்லுவும் பொதுவில் பகிரப்பட்ட சுமார் இரண்டரை லட்சம் ஸ்கிராட்ச் திட்டங்களை அலசி 2016இல் கட்டுரை எழுதினார்கள். பெரும்பாலானவை சிறியவை. ஆனாலும் தொடர்ந்து நீளும் வரிசைகள், வெட்டி ஒட்டிய பகுதிகள், எங்கிருந்தும் அழைக்கப்படாமல் கிடக்கும் செத்த நிரல்கள் தாராளமாக இருந்தன. ஒரு வேலையைத் தனியே பெயரிட்டுப் பிரித்துவைக்கும் பழக்கம் அரிதாகவே தென்பட்டது. என்ரான் ஷீட்டுகளில் பார்த்த அதே நோய்கள்.

பெரியவர்களுக்குத்தானே இந்த அளவுகோல், குழந்தைகளுக்கு எதற்கு என்று கேட்கலாம். அதற்கு அவர்கள் சோதனையாலேயே விடை தேடினார்கள். 61 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரே வேலையைச் செய்யும் ஸ்கிராட்ச் நிரல்களைக் கொடுத்தார்கள். சிலருக்குச் சீராக எழுதப்பட்டது. சிலருக்கு நீண்ட ஒரே வரிசையாக எழுதியது. சிலருக்கு ஒரே பகுதி திரும்பத் திரும்ப வருவது. நீண்ட வரிசையைப் பெற்றவர்களுக்கு அந்த நிரல் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வதில் சிரமம் கூடியது. திரும்ப வருவதைப் பெற்றவர்களுக்கு அதை மாற்றியமைப்பது கடினமானது. ஆக, அழகான நிரல் என்பது அனுபவசாலிகளின் ஆடம்பர ரசனை என்ற எண்ணம் அடிபட்டுப்போகிறது. குறைவாகத் தெரிந்தவருக்கே தெளிவான வடிவம் அதிகம் தேவை. பாடப்புத்தகத்தில் மோசமான மாதிரி நிரலைக் கொடுத்துவிட்டு மாணவருக்குத் தலையில் ஏறவில்லை என்று சொல்லும் ஆசிரியருக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது.

61 பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்லலாமா என்ற ஐயம் நியாயமானது. இந்தத் துறையின் பெரும்பாலான சோதனைகள் சிறியவை. ஒரு நாட்டில், ஒரு பள்ளியில், சில மணி நேரத்தில் நடந்தவை. தனித்தனியாக எதுவும் முடிவான சான்று ஆகாது. ஆனால் வெவ்வேறு கைகளில் நடந்த சோதனைகள் ஒரே திசையைக் காட்டும்போது அதற்கு எடை வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சுசன்னா சீபர்ட்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறு கோணத்தில் இதையே தொட்டது. பிரபலமான பெர்ல் மொழியின் குறியீடுகளைக் கொண்டு எழுதிய புதியவர்கள், ஏனோதானோ என்று குலுக்கிப்போட்ட குறியீடுகளைக் கொண்ட பொம்மை மொழியில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாகச் செய்யவில்லை. தொழிலில் பல்லாண்டு கோலோச்சிய ஒரு மொழியின் குறிகள் முதல்முறை பார்ப்பவருக்கு வெறும் கிறுக்கலாகவே இருந்தன என்பது இதன் பொருள்.

தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்ற நம்பிக்கை

நிரலாக்கக் கல்வியின் தந்தை என்று மதிக்கப்படுபவர் சீமோர் பேப்பர்ட். 1967இல் பிறந்த லோகோ மொழியின் பின்னணியில் இருந்தவர். கணினியைக் கொடுத்தால் குழந்தை தானே தேடி, தானே தவறி, தானே கற்கும் என்ற அவருடைய பார்வை இத்துறையின் இரத்தத்தில் கலந்திருக்கிறது. கோட்பாடாக அது அழகானது. நடைமுறையில் என்ன நடந்தது? 2001இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான பன்னாட்டுக் குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களைச் சோதித்தது. 110க்கு அவர்கள் பெற்ற சராசரி 22.89. பிரச்சினையைத் தீர்க்கும் திறன் இல்லை என்று முதலில் நினைத்தார்கள். 2004இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையிலான இன்னொரு பன்னாட்டுக் குழு ஒரு படி கீழே இறங்கிப் பார்த்தது. பலருக்கு நாலைந்து வரி நிரலைக் கொடுத்தால் அதன் விடை என்ன என்று வாசித்துச் சொல்லவே வரவில்லை. எழுதத் தெரியாததற்கு முன்பே வாசிக்கத் தெரியவில்லை.

ஹெர்மன்ஸ் பிடித்துக்கொண்டது இந்த இழையை. எழுத்தறிவுக் கல்வியில், ஒலியையும் எழுத்தையும் சொல்லிக்கொடுத்து வாசிக்கவைக்க வேண்டுமா, நல்ல புத்தகத்தைக் கொடுத்தால் குழந்தை தானே பிடித்துக்கொள்ளுமா என்று ஆங்கில உலகில் பல பதிற்றாண்டுகளாகச் சண்டை. சான்றுகள் முதல் தரப்பின் பக்கம் சாய்ந்தன. நிரலாக்கக் கல்வி மட்டும் இரண்டாம் தரப்பின் நம்பிக்கையிலேயே நின்றுவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. நிரலை வாய்விட்டு வாசிக்கவைத்தால் என்ன ஆகும் என்று அவரும் அலாவுதீன் ஸ்விதானும் சோதித்தார்கள். ஒரு மாறியில் மதிப்பைப் போடும் சமக்குறியைக்கூட ஆளுக்கு ஆள் வெவ்வேறு விதமாக வாசிக்கிறார்கள் என்பதை முதலில் கண்டார்கள். கணக்கு வகுப்பில் இருபுறமும் சமம் என்று பழகிய குறி, நிரலில் வலப்பக்கத்தை இடப்பக்கத்தில் போடு என்ற கட்டளையாகிவிடுகிறது. வாசிப்பு முறை சொல்லித்தரப்படாததால் குழப்பம் உள்ளேயே தங்கிவிடுகிறது. 2019இல் வெளியான இன்னொரு சோதனையில், பைத்தான் நிரல்களை உரக்க வாசித்த பள்ளிக் குழந்தைகள் நினைவில் வைத்துச் சொல்லும் கேள்விகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆழ்ந்த புரிதலுக்கு இது ஒன்றே போதும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அடித்தளத்துக்கு உதவுகிறது என்பதே சொல்லத்தக்கது.

பேப்பர்ட்டின் ஆதரவாளர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். குறைந்த வழிகாட்டலோடு கற்பிப்பது புதியவர்களுக்குப் பலிப்பதில்லை என்று பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் 2006இல் கடுமையாக எழுதியபோது, அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. நல்ல தேடல்வழிக் கற்றலில் ஆசிரியர் ஒவ்வொரு படியிலும் தாங்குகட்டை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், அதை வழிகாட்டல் அற்றது என்று சொல்வதே பிழை என்றார்கள் மறுத்தவர்கள். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அது ஹெர்மன்ஸின் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. தாங்குகட்டைதான் கற்றலைத் தூக்கி நிறுத்துகிறது என்றால், அதை ஆசிரியரின் தனித்திறமைக்கு மட்டும் விட்டுவிடுவானேன்? கற்கும் மொழிக்குள்ளேயே அதைக் கட்டிவைக்க முடியாதா?

ஹெடி: படிப்படியாக வளரும் மொழி

ஹெர்மன்ஸ் 2020இல் வெளியிட்ட ஹெடி என்ற நிரல்மொழி அந்தக் கேள்விக்கான விடை. வயர்லெஸ் தொழில்நுட்ப முன்னோடிகளில் ஒருவராகக் கருதப்படும் நடிகை ஹெடி லமாரின் பெயரைச் சூடியது. பைத்தானில் திரையில் ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லைக் காட்ட, பிரிண்ட் என்ற கட்டளை, திறக்கும் அடைப்புக்குறி, மேற்கோள்குறி, சொல், மூடும் மேற்கோள்குறி, மூடும் அடைப்புக்குறி என்று ஐந்தாறு பொருள்களைச் சரியான வரிசையில் வைக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் கணினி எதுவும் செய்யாது. புரியாத ஒரு எரர் செய்தியைத் துப்பும். ஹெடியின் முதல் நிலையில் பிரிண்ட் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வேண்டியதை எழுதினால் போதும். நம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் குழந்தை எழுதிய முதல் வாக்கியத்தில் வல்லினம் மிகவில்லை என்று சிவப்பு மையால் கோடு கிழிப்பதில்லையே. சந்தி விதி அதற்குரிய வகுப்பில் வரும். ஹெடி செய்வது அதுதான். நிலைக்கு நிலை ஒரு விதி, ஒரு குறி, ஒரு கருத்து என்று சேர்ந்துகொண்டே போய், மேல் நிலைகளில் மாணவர் எழுதுவது பைத்தானின் ஒரு பகுதியாக இருக்கும்.

இதன்மேல் வரும் முக்கியமான ஆட்சேபம்: இன்று சரி என்று சொன்னதை நாளை தவறு என்று சொன்னால் குழந்தை குழம்பாதா? மேற்கோள்குறி வேண்டாம் என்று பழக்கிவிட்டுப் பிறகு வேண்டும் என்பது பழக்கத்தை இரண்டு முறை மாற்றச் சொல்வதல்லவா? விடை ஹெடியின் இரண்டாம் நிலையில் இருக்கிறது. அங்கே மாறி அறிமுகமாகிறது. ‘நேம்’ என்ற மாறியில் ஹெடி என்ற பெயரைப் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் ‘மை நேம் ஈஸ் நேம்’ என்று காட்டச் சொன்னால், கணினி ‘மை ஹெடி ஈஸ் ஹெடி’ என்று உளறும். எந்த ‘நேம்’ மாறி, எது வெறும் சொல் என்று அதற்குத் தெரிய வழியில்லை. அந்த உளறலைக் கண்ணால் பார்த்துச் சிரித்த குழந்தைக்கு, நான்காம் நிலையில் மேற்கோள்குறி வரும்போது அது ஆசிரியரின் அதிகாரக் கட்டளையாகத் தெரியாது; ஏற்கெனவே பட்ட ஒரு தொல்லைக்கு மருந்தாகத் தெரியும். விதி மாறுகிறது என்பது உண்மைதான். ஆனால் மாற்றத்துக்கான காரணம் மாணவரின் அனுபவத்தில் முன்கூட்டியே விதைக்கப்படுகிறது. எல்லா விதிகளையும் முதல் நாளே கொட்டிவிடும் வழக்கமான முறையில் எந்த விதிக்கும் காரணம் கிடைப்பதில்லை. மனப்பாடம் மட்டுமே கிடைக்கிறது.

ஹெடியில் படித்தவர்கள் ஐந்தாண்டு கழித்து மற்றவர்களைவிடச் சிறந்த நிரலாளர்கள் ஆகிறார்களா என்ற கேள்விக்கு மொழியின் வடிவமைப்பை மட்டும் வைத்து ஆம் என்று சொல்லிவிட முடியாது. அதற்குக் காலம் வேண்டும். ஆனால் ஆய்வுமுறையைப் பாருங்கள். மாணவர் எங்கே தவறுகிறார் என்பதைக் கணினியே பதிவுசெய்கிறது. அந்தத் தவறுகள் அடுத்த பதிப்பின் வடிவமைப்புக்கு உரமாகின்றன. என்ரான் ஷீட்டுகளில் குறைகளைத் தேடிய அதே மென்பொருள் பொறியியல் புத்தி, இங்கே பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தவறைத் தரவாக மதிக்கிறது.

யாருடைய மொழியில் நிரல்?

குறியீடுதான் தடை என்று ஏற்றுக்கொண்டால், அடுத்த கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அந்தக் குறியீடு ஏன் ஆங்கிலத்தில் மட்டும்? ஹெடியின் கட்டளைச் சொற்கள் இன்று பல மொழிகளில் கிடைக்கின்றன. அரபியில் எழுதும்போது வேலை வெறும் சொல்மாற்றத்தோடு முடியவில்லை. வலமிருந்து இடம் ஓடும் வரி, வேறு வடிவ எண்கள், வேறு நிறுத்தற்குறிகள் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை ஸ்விதானும் ஹெர்மன்ஸும் 2023இல் ஒரு சட்டகமாகத் தொகுத்தார்கள். நிரல்மொழி எல்லோருக்கும் பொதுவான கணிதக் குறியீடு என்று நினைத்திருந்தது, ஒரு குறிப்பிட்ட மக்களின் விசைப்பலகையையும் வாக்கிய அமைப்பையும் சார்ந்தது என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது.

தமிழுக்கு இதில் நேரடி உறவு உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழி பற்றிய கட்டுரை 2009லேயே வெளிவந்தது. அதில் நிபந்தனையை எழுதிய பிறகுதான் ‘ஆனால்’ வரும். ஆங்கில நிரல்மொழிகளில் ‘இஃப்’ முன்னால் வந்து நிற்பதுபோல அல்ல. வினையை இறுதியில் வைத்துப் பழகிய வாசகருக்கு அது இயல்பான வரிசை. நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் தமிழ்வழி மாணவர்களுக்கும் பைத்தானைக் கற்பிக்கிறது; விளக்கம் தமிழில், நிரல் முழுவதும் ஆங்கிலத்தில். அந்த மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு புதிய மொழிகளோடு போராடுகிறார். அதில் எது தோற்றாலும் மதிப்பெண் பட்டியலில் பதிவாவது ஒன்றுதான்: கோடிங் வரவில்லை.

எப்படியும் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், தாய்மொழியில் தொடங்கிக் குழந்தையை ஏன் தனித்தீவில் விட வேண்டும் என்பது நம் பெற்றோர் உடனே கேட்கும் கேள்வி. கவலை நிஜமானது, கேலி செய்யத்தக்கது அல்ல. ஃபிலிப் குவோ 2018இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 86 நாடுகளைச் சேர்ந்த 840 பேர் பதிலளித்தார்கள். பாடங்களைப் படிப்பது, உதவி கேட்பது, நிரலை வாசிப்பது எல்லாவற்றிலும் ஆங்கிலம் இடறுவதாகச் சொன்னார்கள்; கூடவே, நிரலாக்கம் ஆங்கிலம் கற்க ஊக்கம் தந்தது என்றும் சிலர் சொன்னார்கள். சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2017இல் ஸ்கிராட்ச் பயனர்களின் தரவை ஆராய்ந்தபோது, தங்கள் நாட்டு மொழியில் கட்டளைகளை வைத்துக்கொண்டவர்கள் அதே நாட்டில் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டவர்களைவிட வேகமாகப் புதிய கருத்துகளைக் கையாளத் தொடங்கியது தெரிந்தது. அது கட்டுப்பாட்டுச் சோதனை அல்ல, காரணம் வேறாகவும் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் தாய்மொழி பின்னுக்கு இழுக்கிறது என்பதற்கு அங்கே சான்று இல்லை. ஹெடியில் உள்ளூர்ச் சொல்லோடு ஆங்கிலச் சொல்லும் செல்லும். மாணவர் விரும்பியபோது தாவிக்கொள்ளலாம். லூப் என்றால் என்ன என்பதைத் தமிழில் விளங்கிக்கொண்ட பெண்ணுக்கு அதன் ஆங்கிலப் பெயரைக் கற்க ஒரு மாலை போதும். விளங்காமல் ஆங்கிலப் பெயரை மட்டும் உருப்போட்டவருக்கு எத்தனை மாலைகள் கொடுத்தாலும் போதாது.

ஏஐ எழுதும் காலத்தில் இது எதற்கு?

சாட்ஜிபிடி 2022 இறுதியில் வந்த பிறகு மொத்த விவாதத்தையும் ஒரே வீச்சில் தள்ளிவிடும் குரல் ஒன்று கேட்கிறது. நிரலை ஏஐ எழுதிவிடும். மனிதர் கற்பதற்கு என்ன இருக்கிறது? இந்தக் குரல் எழுதுவதையே நிரலாக்கம் என்று நினைத்துக்கொள்கிறது. தொழில்முறை நிரலாளர்களைக் கவனித்த ஒரு பெரிய கள ஆய்வு, அவர்கள் நேரத்தில் சராசரியாக 58 சதவீதம் ஏற்கெனவே உள்ள நிரலைப் புரிந்துகொள்வதிலேயே போகிறது என்று கண்டது. எழுத்தை எந்திரம் எடுத்துக்கொண்டால் இந்தப் பங்கு கூடும், குறையாது. முன்பு சக ஊழியர் எழுதியதை வாசித்தவர்கள் இனி, நம்பிக்கையோடு தவறு செய்யும் ஓர் எந்திரம் எழுதியதை வாசிக்க வேண்டும். நிரலை வாசிக்கும்போது செயல்நினைவு எப்படித் திணறுகிறது, நீள்கால நினைவில் எது இருந்தால் அது இலகுவாகிறது என்று ஹெர்மன்ஸ் 2021இல் ‘தி புரோகிராமர்ஸ் பிரெய்ன்’ என்ற நூலில் எழுதியது, சாட்ஜிபிடிக்கு முன்பு நல்ல பழக்கம். இப்போது அடிப்படைத் தகுதி.

கடைசி ஆட்சேபம் கல்விப்புலத்துக்குள்ளிருந்து வருவது. இது கல்வியியல், இதில் கடினமான கணினி அறிவியல் எங்கே இருக்கிறது? நிரல்மொழி ஆய்வில் தேற்றமும் நிறுவலும் உள்ள கட்டுரைக்குக் கிடைக்கும் மரியாதை, மனிதர் அந்த மொழியில் எப்படித் தவிக்கிறார் என்று பார்க்கும் கட்டுரைக்குக் கிடைப்பதில்லை. ஏரி ஷ்லெசிங்கருடன் 2024இல் எழுதிய கட்டுரையில் ஹெர்மன்ஸ் இதை நேராகவே எதிர்கொண்டார். எது உண்மையான ஆய்வு என்ற அளவுகோலே சில மனிதர்களின் விருப்பங்களிலிருந்து பிறந்தது, இயற்கை விதி அல்ல என்பது அவர் நிலை. நிறுவல்கள் தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மொழி சரியாக இயங்குகிறது என்று நிறுவுவது பாதி வேலை. மனிதர் அதைச் சரியாக இயக்க முடிகிறதா என்பது மீதிப் பாதி. பாலம் கட்டும் பொறியாளர் இரும்பின் வலுவைக் கணக்கிட்டுவிட்டு, அதில் நடப்பவர் தடுக்கி விழுவதைப் பற்றி எனக்கென்ன என்று சொல்ல முடியாது.

இந்த ஆய்வுப் பாதையிலிருந்து நம் கல்லூரிகளும் பாடநூல் குழுக்களும் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரு புதிய மொழியோ மென்பொருளோ அல்ல. தேர்வுத்தாளைப் பார்க்கும் பார்வை. பாதி வகுப்பு ஒரே கேள்வியில் ஒரே இடத்தில் தவறினால், அந்த இடத்தில் பாடத்துக்கும் மொழிக்கும் கருவிக்கும் என்ன குறை என்று தேடுவது ஆசிரியரின் கடமை. அந்தத் தவறுகளை எண்ணி, வகைப்படுத்தி, அடுத்த ஆண்டுப் பாடத்தை மாற்றுவது ஆய்வு. அதற்குப் பெரிய நிதியோ ஆய்வகமோ தேவையில்லை. விடைத்தாள்கள் ஒவ்வொரு கல்லூரியின் அலமாரியிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றைத் தோல்விகளின் குவியலாகப் பார்க்கும்வரை ஆண்டுதோறும் அதே கேள்வியில் அதே பிழை வரும். தரவாகப் பார்க்கத் தொடங்கும் துறைதான் தன்னைப் பொறியியல் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி பெறும்.